முதல் மோட்டார் சைக்கிள்: தலைக்கு முதலில், சக்கரத்துக்குப் பிறகு!

சாயங்கால நேரம். மழை விட்டும் வாசலில் ஈரம் காயவில்லை. வேலை முடிந்து வந்த அம்மா பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலைக் கழுவுகிறாள். அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கிறது. பள்ளிக்கூடப் பையை இன்னும் இறக்கி வைக்காத மகன், சமையல்கட்டு நிலைப்படியில் சாய்ந்துகொண்டு மெல்ல ஆரம்பிக்கிறான்.

“அம்மா, எனக்குப் பதினாறு ஆயிடுச்சி.”

“அதுக்கென்ன இப்போ? அதான் கேக் வெட்டியாச்சே.”

“இனிமே லைசென்ஸ் எடுக்கலாம்மா. மோட்டார் சைக்கிள் வேணும்னு அப்பாகிட்ட நீதான் பேசணும்.”

அம்மா பதில் சொல்வதில்லை. அடுப்பைப் பார்க்கிறாள். அவள் மனத்தில் ஒரு பக்கம் பணக் கணக்கு ஓடுகிறது. மறு பக்கம், பெரிய ரோட்டில் எப்போதோ வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்த யாரோ ஒரு பிள்ளையின் நினைவு வருகிறது.

வாசகர்களே! சுங்காயிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இந்தப் பேச்சு எழாத வீடு ஏது? நேற்று அடுத்த வீட்டில் எழுந்தது. நாளை உங்கள் வீட்டில் எழும். அப்போது “வேண்டாம்” என்று ஒரே சொல்லில் வாயை அடைப்பதும் தவறு. “சரி, போய் வாங்கிக்கொள்” என்று சாவியைக் கையில் கொடுப்பதும் தவறு. உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் இது. வாருங்கள், சேர்ந்தே யோசிப்போம்.

பிள்ளை கேட்பது நியாயம்தான்

முதலில் பிள்ளையின் பக்கம் நின்று பார்ப்போம். தோட்டத்து வீட்டிலிருந்து பெரிய ரோட்டுக்கு வரவே சில மைல் செம்மண் பாதை. பள்ளிக்கூடம், மேல்வகுப்பு, தொழிற்சாலை வேலை, ஆஸ்பத்திரி என்று எதற்கும் பீடோருக்கோ தாப்பாவுக்கோ சிலிம் ரிவருக்கோ போக வேண்டியிருக்கிறது. ராத்திரி ஷிப்டு முடிந்து வரும் மகளுக்கு எந்த வண்டி காத்திருக்கும்? அந்தக் காலத்தில் சைக்கிள் செய்த வேலையை இன்று மோட்டார் சைக்கிள் செய்கிறது. ஆகவே கேட்கிற பிள்ளையை “ஊதாரி” என்று திட்டாதீர்கள்.

ஆனால் அம்மாவின் பயமும் நியாயம்தான். நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். காரில் போகிறவரைச் சுற்றி இரும்பு இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் போகிறவரைச் சுற்றி என்ன இருக்கிறது? அவர் உடுத்தியிருக்கும் துணியும் தலையில் போட்டிருக்கும் கவசமும்தான்.

ஆகவே வண்டிக் கடைக்குப் போகுமுன் ஹெல்மெட் கடைக்குப் போங்கள். சேர்த்து வைத்த பணத்தில் முதலில் தலைக்கும் கைக்கும் காலுக்கும் எடுத்து வையுங்கள். மிச்சம் எவ்வளவோ அதற்குத் தகுந்த வண்டி. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இருந்த பணத்தை எல்லாம் வண்டிக்குக் கொட்டிவிட்டு, கடைசியில் “ஏதாவது ஒரு தொப்பி கொடுங்க தவ்கே” என்று கேட்கிறார்கள்.

ஒரு வீரரின் மரணம் சொன்ன பாடம்

“அரேபியாவின் லாரன்ஸ்” என்ற பெயரை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1962-ல் திரைப்படமாகவும் வந்தது. முதல் உலகப் போரில் பாலைவனத்தில் ஒட்டகத்தின் மேல் போய்ச் சண்டையிட்டு உயிரோடு திரும்பிய டி. இ. லாரன்ஸ், 1935-ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் தம் வீட்டுக்கு அருகே மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். முன்னால் சைக்கிளில் இரண்டு சிறுவர்கள். அவர்கள்மேல் மோதாமலிருக்க வண்டியை ஒடித்தார், தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாள் நினைவு திரும்பாமல் கிடந்து இறந்துபோனார். வயது 46.

அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெயின்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். அந்தச் சாவு அவர் மனத்தை விட்டு அகலவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராயத் தொடங்கினார். தலைக்கவசம் உயிரைக் காக்கும் என்று 1941-ல் கட்டுரை எழுதினார். இங்கிலாந்தில் 1973-ல் தலைக்கவசம் சட்டமாயிற்று. அதே 1973-ல்தான் நம் மலேசியாவிலும் மோட்டார் சைக்கிள் தலைக்கவச விதிகள் வந்தன.

உலகின் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, தலைக்கவசம் அணிந்தவருக்குச் சாவு அபாயம் 42 விழுக்காடும், தலைக்காய அபாயம் 69 விழுக்காடும் குறைவதாகத் தெரிந்தது. நம் முன்னோர் “தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று” என்றார்கள். பழமொழி இன்றைக்கும் பொருந்துகிறது, தலைப்பாகைதான் மாறியிருக்கிறது!

நல்ல தலைக்கவசம் எது?

தலைக்கவசத்தின் வெளி ஓடு கெட்டியானது. அடியை ஓரிடத்தில் இறங்கவிடாமல் பரப்பிவிடும். ஆனால் உண்மையான காவலன் உள்ளே இருக்கும் நுரைப் பலகை. பெரிய சாமான்களைப் பெட்டியில் அடைத்து வருகிறார்களே, அந்த வெள்ளை நுரையின் இனம்தான் அது. அடி விழும்போது அது நசுங்குகிறது. அது நசுங்கினால்தான் மூளை தப்பும். ஒருமுறை நசுங்கிய நுரை மறுபடி எழும்பாது. அதனால்தான் விபத்தில் அடிபட்ட தலைக்கவசத்தை மறுபடி போடக்கூடாது. வெளியே பார்த்தால் ஒரு கீறல்கூட இருக்காது. உள்ளே வேலை முடிந்திருக்கும். பிறர் போட்டுக் கழித்ததை மலிவாக வாங்காதீர்கள். அது எங்கே விழுந்தது, எத்தனை முறை விழுந்தது என்று யாருக்குத் தெரியும்?

வாங்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

சிரிம் முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மலேசியத் தரங்களுக்கு வரிசை எண் உண்டு. அவற்றில் முதல் எண், அதாவது ‘எம்.எஸ். 1’, எதற்குத் தெரியுமா? தலைக்கவசத்துக்குத்தான்!

தையல் டேப்பை எடுத்துப் புருவத்துக்குச் சற்று மேலே தலையைச் சுற்றி அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். “வளர்கிற பிள்ளை, கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்” என்று பள்ளிச் சட்டை வாங்குவதுபோல வாங்கிவிடாதீர்கள். போட்டுத் தலையை ஆட்டினால் கவசத்தோடு கன்னத் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். வாரை மாட்டிக்கொண்டு, பின்பக்கம் கைவைத்து முன்னே தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் தலைக்கானது அல்ல.

முகம் முழுவதும் மூடும் வகை தாடையையும் காக்கும்; பாதித் தலைக்கவசத்தில் தாடைக்குக் காப்பில்லை. கண்ணாடி நிறமற்றதாக இருக்கட்டும். கறுப்புக் கண்ணாடி பகலில் எடுப்பாக இருக்கும். விளக்கில்லாத தோட்டத்துப் பாதையில் இரவில் போகும்போது எதிரே நிற்கும் மாடு தெரியாது!

வாரை மாட்டாத தலைக்கவசம் அணியாத தலைக்கவசம்தான். கீழே விழும்போது முதலில் பறப்பது அதுவே. தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் நுழையும் அளவு இறுக்கமாக மாட்டுங்கள்.

கைக்கும் காலுக்கும்

நம் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் உண்டு. ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பி, முதுகு திறந்தபடி மாட்டிக்கொண்டு போவார்கள். காற்றுக்கும் வெயிலுக்கும் அது சரி, விழுந்தால் பயன்படாது. பூட்டாத துணி உடம்பில் நிற்குமா? நேராகப் போட்டு ஜிப்பை மேலே இழுங்கள். நிறம் வெளிறியதாகவோ பளிச்சென்றோ இருந்தால் லாரிக்காரர் கண்ணில் முன்கூட்டியே படுவீர்கள்.

கெட்டித் துணியில் கால்சட்டை போடுங்கள். கால்விரலையும் கணுக்காலையும் மூடும் சப்பாத்து போடுங்கள். ஜப்பான் செருப்பு குளியலறைக்கு, ரோட்டுக்கு அல்ல. கையுறை ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். மனிதன் விழும்போது தன்னையறியாமல் கையைத்தான் ஊன்றுகிறான். உள்ளங்கைத் தோல் உரிந்தவன் எத்தனை நாள் வெட்டுக்கத்தி பிடிக்க முடியும், எத்தனை நாள் பரீட்சை எழுத முடியும்?

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மகனுக்குப் பின்னால் உட்காரும்போது சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். சக்கரமோ சங்கிலியோ அதைப் பிடித்தால் விடாது. ஒரு பக்கமாகக் கால் தொங்க உட்காருவதைவிட இரு பக்கமும் கால்போட்டு உட்காருவதே பத்திரம். ‘கோயிலுக்குத்தானே, பக்கத்தில்தானே’ என்று தலைக்கவசம் இல்லாமல் ஏறாதீர்கள். பிள்ளை உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது.

இனி வண்டிக்கு வருவோம்

1958-ல் ஜப்பானில் ஹோண்டா கம்பெனி ‘சூப்பர் கப்’ என்ற சிறிய வண்டியை வெளியிட்டது. கையால் கிளட்ச் பிடிக்கத் தேவையில்லை. காலைத் தூக்கிப் போடாமல் நடுவே நுழைத்து ஏறலாம். ஏறக்குறைய அதே சமயத்தில் பினாங்கு வர்த்தகர் லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். அந்த ‘கப்’தான் நம் வாயில் ‘கப்சாய்’ ஆயிற்று. 2017-ல் அந்த இனத்தில் 10 கோடியாவது வண்டி தயாரானது. 1996-ல் கெடா மாநிலம் குரூணில் தயாரான மோடெனாஸ் ‘கிறிஸ்’ வண்டியும் இதே குடும்பத்துப் பிள்ளைதான்.

முதல் வண்டிக்கு இந்தக் கப்சாயை மிஞ்சியது இல்லை என்பதே என் எண்ணம். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் 150 சிசி வண்டி பளபளவென்று கண்ணைப் பறிக்கலாம். தம்பி, அதன் முன் நின்று உன்னை நீயே கேட்டுக்கொள்: நான் தினம் போகும் பாதை எது? என் கால் தரையில் முழுசாகப் பதிகிறதா? செம்மண் சேற்றில் வண்டி சாய்ந்தால் தனியாளாய் நிமிர்த்த முடியுமா? கப்சாய் ஏறக்குறைய 100 கிலோதான். நடுவில் மளிகைப் பை வைக்கலாம். சங்கிலியை முழுக்க மூடிய கப்சாய் கிடைத்தால் அம்மாவின் சேலைக்கும் காப்பு. பெட்ரோலும் குறைவு. எந்தச் சின்னப் பட்டணத்திலும் பழுது பார்க்க ஆள் உண்டு.

வேகம் என்ன செய்யும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது குறுக்கே ஒரு நாய் வருகிறது. பார்த்துப் பிரேக் பிடிக்க ஒரு விநாடி ஆகும். அதற்குள் வண்டி ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். பிறகு நிற்க இன்னும் 20 மீட்டர். மொத்தம் 37. அதே 90 கிலோமீட்டர் வேகத்தில்? 25-உம் 45-உம் சேர்ந்து 70 மீட்டர்! வேகம் ஒன்றரை மடங்கு. நிற்கும் தூரமோ ஏறக்குறைய இரு மடங்கு. இது காய்ந்த தார் ரோட்டுக் கணக்கு. செம்பனைக் குலை லாரிகள் சேற்றைக் கொட்டிவிட்டுப் போன ஈர ரோட்டுக்கு இந்தக் கணக்கு போதாது.

பழைய வண்டி வாங்குவதானால் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். கிராண்டில் உள்ள எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் வண்டியில் உள்ளவையும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். புகை நீலமாக வந்தால் எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது என்று அர்த்தம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். ‘2319’ என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. பூ தேயாவிட்டாலும் வயதான ரப்பர் இறுகிப்போகும், வழுக்கும். பால்மரத்தோடு வாழ்ந்த நமக்கு ரப்பரைப் பற்றி யார் சொல்லித் தர வேண்டும்?

கடன் யார் பெயரில்?

இதுதான் பல வீடுகளில் பேசப்படாமல் போகும் விஷயம். நம் சட்டப்படி 18 வயது நிறையாதவர் மேஜர் ஆகவில்லை. லைசென்ஸ் 16-ல் கிடைக்கும். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட 18 ஆக வேண்டும். ஆகவே தவணையில் வாங்கினால் கையெழுத்து அப்பாவுடையது, இல்லாவிட்டால் அம்மாவுடையது. ஓட்டுவது மகன், கடன்காரர் தாய்!

கடைக்காரர் மாதம் எவ்வளவு என்று மட்டும்தான் சொல்வார். நீங்கள் மாதத் தொகையை மாதங்களால் பெருக்குங்கள். உதாரணத்துக்கு மாதம் 180 வெள்ளி, 60 மாதம் என்றால் 10,800 வெள்ளி. முன்பணம் தனி. 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. அந்தச் சம்பளக்காரருக்கு அது ஆறு மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. மகன் பரீட்சையில் தேறி வெளியூர் போனாலும் தவணை வீட்டிலேயே நிற்கும். ஒரு வருஷம் பொறுத்துப் பாதிப் பணம் சேர்த்துவிட்டு வாங்கினால் என்ன குறைந்துவிடும்?

இன்சூரன்ஸ் விஷயத்திலும் ஏமாறாதீர்கள். ‘தர்ட் பார்ட்டி’ என்பது எதிராளிக்கு நேரும் நஷ்டத்துக்குத்தான். உங்கள் வண்டி நொறுங்கினாலும் களவு போனாலும் அதில் காசு வராது.

சாவியைக் கொடுக்குமுன்

பதினாறு வயதில் கிடைப்பது ‘பி2’ லைசென்ஸ். 250 சிசி வரை ஓட்டலாம். பாட வகுப்பு, பிறகு 50 கேள்விக்குக் கணினித் தேர்வு. 42 சரியாக வர வேண்டும். அப்புறம் ‘எல்’ லைசென்ஸ், பயிற்சி, ஜே.பி.ஜே சோதனை. அந்தச் சோதனையில் வேகத்துக்கு மார்க் கிடையாது. ஒடுக்கமான பலகைமேல் மெதுவாக, விழாமல் போகச் சொல்கிறார்கள். ஏன் தெரியுமா? வேகமாகப் போனால் வண்டி தானே நிற்கும். மெதுவாகப் போகும்போதுதான் ஓட்டுகிறவனின் திறமை தெரியும். பாஸான பின் இரண்டு வருஷம் ‘பி’ ஒட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும்.

“தோட்டத்துக்குள்ளேதானே ஓட்டுறான், லைசென்ஸ் எதுக்கு?” என்கிறார்கள் சில தகப்பன்மார். தோட்டத்துப் பாதை எங்கே போய் முடிகிறது? பெரிய ரோட்டில்தானே! இன்று ஸ்டோர் வரை போன பையன் நாளை பட்டணம் வரை போவான். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது மட்டுமல்ல, லைசென்ஸ் இல்லாதவரை ஓட்டவிடுவதும் குற்றம். சாவியைக் கொடுத்த அப்பாவும் பதில் சொல்ல வேண்டிவரும்.

சுங்காய்ப் பிள்ளைகளுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். தோட்டத்துச் சாலை பெரிய ரோட்டில் முட்டும் இடம் எமன் காத்திருக்கும் இடம். அங்கே காலை ஊன்றி நில். வலது, இடது, மறுபடி வலது பார். பீடோர் பக்கமிருந்து வரும் லாரி தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும்; கண் மூடித் திறப்பதற்குள் பக்கத்தில் நிற்கும். பகலிலும் முன்விளக்கு எரியட்டும். 1992-ல் நம் நாட்டில் அதைக் கட்டாயமாக்கிய பிறகு, வண்டி கண்ணில் படாததால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் 29 விழுக்காடு குறைந்ததாக ஆராய்ந்து சொன்னார்கள். விளக்கு உனக்கு வழி காட்ட மட்டுமல்ல. உன்னை மற்றவருக்குக் காட்டவும்தான்.

மறுபடியும் அந்தச் சமையல்கட்டுக்கே போவோம். தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது. மகன் இன்னும் நிலைப்படியை விட்டு நகரவில்லை.

“சரிப்பா,” என்கிறாள் அம்மா. “அப்பாகிட்ட பேசறேன். ஆனா ஒண்ணு. மொதல்ல லைசென்ஸ் எடு. இந்த மாசம் ஹெல்மெட் வாங்குவோம். அடுத்த மாசம் சப்பாத்து, ஜாக்கெட்டு. வண்டி அதுக்கப்புறம்.”

“வண்டியே இல்லாம ஹெல்மெட்டாம்மா?”

“ஆமா. ஹெல்மெட்டு இல்லாம வண்டி வரக்கூடாது பாரு, அதுக்குத்தான்.”

தாய்மார்களே, இதைவிட நல்ல பதில் எனக்குத் தோன்றவில்லை. உங்கள் வீட்டு நிலைப்படியில் ஒரு பதினாறு வயது வந்து சாயும்போது இதையே சொல்லுங்கள். கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். வைத்துக்கொள்ளட்டும். தினமும் சாயங்காலம் அந்த முகம் வீடு திரும்பினால் போதும்!